ஏலத்தில் எடுத்த அம்மன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் மற்ற அப்பாக்கள் கறி வாங்கப் போவார்கள். என் அப்பா கலைப்பொருள் வாங்கப் போவார். முழுக்கைச் சட்டையை உள்ளே செருகி, பெல்ட் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் வைத்து, கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து மின்சார ரயிலைப் பிடிப்பார். மவுண்ட் ரோடு பக்கத்தில் ஓர் ஏலக் கடை இருந்தது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது, நொடித்துப்போன பங்களாக்களிலிருந்து வாரிக்கொண்டு வந்தது என்று கட்டில், பியானோ, பீங்கான், படம், சிலை எல்லாம் அங்கே ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கைமாறும். எண்பதுகளின் நடுவில் அந்தக் கடையின் முன்வரிசை நாற்காலி ஒன்றை அப்பா தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்ட மாதிரி வைத்திருந்தார்.

கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் சூப்பரின்டெண்ட். அங்கே அவர் மணி அடித்தால் பியூன் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஏலக் கடையில் ஒரு விரலைத் தூக்கினால் போதும், டை கட்டிய ஒருவர் "தேங்க் யூ சார்" என்று தலை குனிவார். அந்த ஒரு குனிவுக்காகத்தான் மனுஷன் இவ்வளவு தூரம் போகிறார் என்பது அம்மாவின் கட்சி. அப்பாவைக் கேட்டால் தனக்குக் கண் இருக்கிறது என்பார்.

"கலைக்குன்னு தனிக் கண்ணு வேணும்மா. உங்களுக்கெல்லாம் இருக்குறது வெறும் ஓட்டை."

எங்கள் ஹாலில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. அந்த ஹாலில்தான் அவருடைய மியூசியம். முதலில் ஓர் எண்ணெய் ஓவியம் வந்தது. சிவப்புக் கோட்டுப் போட்ட துரைமார்கள் குதிரையில் வேட்டைக்குப் போகிறார்கள், முன்னால் ஒரு பட்டாளம் நாய்கள். நாங்கள் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே அதை மாட்டினார். சாதம் பிசைந்தால் அத்தனை நாயும் தட்டையே பார்க்கும். அடுத்து, மார்பு வரைக்கும் உள்ள ஒரு வழுக்கைத் தலைத் துரை சிலை. யாரென்று வாங்கினவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. பால்காரி ஒரு நாள் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, "பெரியவரு எப்பம்மா தவறினாரு?" என்று துக்கம் விசாரித்தாள். "இன்னும் தவறல. ஞாயித்துக்கிழமை ஆனா ஏலத்துக்குப் போயிடறாரு" என்றாள் அம்மா.

கண் போதாதென்று அப்பாவுக்குக் காதும் உண்டு. வெண்கலம் என்றால் பாடும் என்பது அவர் சித்தாந்தம். மோதிர விரலால் ஒரு சுண்டு சுண்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தவலையைச் சுண்டுவார், கல்யாண மேடையில் குத்துவிளக்கைச் சுண்டுவார். சித்தப்பா வீட்டில் தண்ணீர் குடித்த சொம்பைச் சுண்டிவிட்டு "கலப்படம்" என்று தீர்ப்புச் சொல்லி வந்ததிலிருந்து அவர்கள் எங்களுக்குத் தண்ணீரையே பிளாஸ்டிக் டம்ளரில்தான் கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். ரயிலில் கூடைக்காரர்கள் ஏறுகிற வெண்டர் பெட்டியில், காலிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தாளாம். கேட்டைத் திறந்துகொண்டு அப்பா வந்த கோலத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலில் ஷூ, இடுப்பில் பெல்ட், மேலே வெறும் பனியன். சட்டை அவள் மேல் இருந்தது. சட்டையை எடுத்ததும்தான் ஏன் என்று புரிந்தது. கிட்டத்தட்ட என் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண், வலது கையைத் தூக்கி ஒரு தீப்பந்தம் பிடித்துக்கொண்டு, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றாள். ஒரு காலத்தில் விளக்காக இருந்தவள். பந்தத்தின் மேல் இருந்த கண்ணாடிக் குமிழ் எங்கேயோ உடைந்துபோய், கூரான ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"துணி தனியா ஏலத்துக்கு வருமா?" என்று கேட்டாள் அம்மா.

"பிரெஞ்சு வெண்கலம். உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லி, அவளைப் படுக்கவைத்து அடிப்பக்கத்தைக் காட்டினார் அப்பா. மேட் இன் பிரான்ஸ் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்த்திச் சுண்டினார். "கேட்டியா? பாடுது."

எனக்கும் அம்மாவுக்கும் டொக் என்றுதான் கேட்டது. யாரோ கதவைத் தட்டின மாதிரி. வெண்கலம் என்றால் இவ்வளவு லேசாக, ஒற்றை ஆள் தூக்கி வருகிற மாதிரி இருக்குமா என்றும் அம்மா கேட்டாள். பிரான்ஸில் அப்படித்தான் செய்வார்கள் என்றார். அதற்கு மேல் யார் பேசுவது? அவர் ஆபீஸ் போனதும் அம்மா அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். திருப்பினால் பின்பக்கம் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முன்பக்கமே திருப்பினாள்.

இந்தக் கூத்தையெல்லாம் வைத்துக்கொண்டு நான் ரயிலில் ஒருவரைச் சிரிக்கவைத்துக் கொண்டிருந்தேன். எனக்கு எழும்பூரில் டைப்பிஸ்ட் வேலை. அவருக்கும் எழும்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து பல்லாவரத்தில் ஏறுவார். நாய்கள் சாப்பாட்டைப் பார்க்கிற கதை, வழுக்கைத் துரைக்குத் துக்கம் விசாரித்த கதை எல்லாம் பல்லாவரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் சொல்லி முடித்தாகிவிட்டது. பந்தக்காரி வந்த பிறகு, ஏறினதும் முதல் கேள்வியே, "மேட் இன் பிரான்ஸ் சவுக்கியமா?" என்பதுதான். அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பார். இவ்வளவு சிரிக்கிற மனுஷனோடு ஆயுசுக்கும் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்பாவுக்குத்தான் கண் இல்லை, எனக்கு நன்றாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காதல் என்று இரண்டு வீட்டிலும் சொல்ல முடியாது. சொன்னால் நான் வேலைக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே முறையாக ஏற்பாடு செய்தோம். என் ஆபீஸ் அக்கா ஒருத்தி, தனக்குத் தெரிந்த நல்ல இடம் என்று இரண்டு பக்கமும் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரே ஜனம்தான். ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வருகிறோம், மற்ற விவரமெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை என்று இரண்டு வீடும் நம்பியது. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பெண் பார்க்கும் நாள் காலையில் வீட்டில் ஒரே சண்டை. பந்தக்காரியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்றாள் அம்மா. "அது ஹால்லதான் இருக்கும். வர்றவங்களுக்கு நாம யாருன்னு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

அம்மா ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, நான் சின்ன வயசில் கட்டின அரக்குப் பட்டுப்பாவாடையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். மேலே ஒரு ரவிக்கைத் துண்டைத் தாவணி மாதிரி போட்டு ஊக்கு குத்தினாள். நெற்றி மொட்டையாக இருக்கிறதே என்று குங்குமம் வைத்தாள். எனக்கு வாங்கின மல்லிகையில் ஒரு முழம் கிள்ளித் தலையில் சுற்றினாள். பந்தத்துக் கம்பி யார் புடவையிலாவது மாட்டிக் கிழித்துவிடும் என்று சமையலறைக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து அதன் முனையில் குத்தினாள்.

குத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அப்பா, "அடிப்பாவி, பிரெஞ்சு ஆர்ட்டை இப்படிப் பண்ணிட்டியே!" என்று ஆரம்பித்தார். அதற்குள் கேட் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் மூன்று பேராக வந்தார்கள். காபித் தட்டோடு நான் சமையலறை வாசலில் நின்றேன். பெண்ணைப் பார்க்க வந்த அந்த அம்மா பெண்ணைப் பார்க்கவில்லை. நேராகப் பந்தக்காரியின் முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா அம்மன்மா இது! என்னா களையா கீது!" என்றாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பா பக்கம் திரும்பி, "வூட்லயே வச்சு கும்புடறீங்களே, குலதெய்வமா?" என்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். வாசலில் கீரை விற்கிறவளுக்குக் கூட பிரெஞ்சுச் சிற்பக்கலையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற மனுஷன் அவர். என்னைப் பார்த்தார். புதுப்புடவையில், தட்டில் டம்ளர்கள் கடகடக்க, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாங்க" என்றார்.

"எந்த ஊரு?"

எங்கள் உண்மையான குலதெய்வம் திண்டிவனத்துக்கு அந்தாண்டை ஒரு முனீஸ்வரன். இரண்டாள் உயரம், முழ நீளத்துக்கு மீசை. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டிருக்கிறவளை அவர் என்று சொல்ல முடியுமா? அப்பா அவசரத்துக்கு ஒன்றைப் பிடித்தார். "மதுராந்தகம் தாண்டி உள்ள போகணும். ஏரிக்கரை அம்மன்."

புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். செங்கல்பட்டு ஜில்லாவில் ஏரி இல்லாத ஊர் ஏது, அம்மன் இல்லாத ஏரிக்கரை ஏது? அதுதான் வினையாகப் போனது. அதுவரை நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா மெல்லத் திரும்பினார்.

"மதுராந்தகம் தாண்டி எந்த ஏரிங்க?"

"அதாங்க, கரையில பனைமரமா இருக்குமே."

"கோயிலு கிழக்கப் பாத்து இருக்குமா?"

"ஆமாங்க" என்றார் அப்பா. எந்தக் கோயில்தான் கிழக்கே பார்த்து இல்லை?

"பக்கத்துல ஒரு வேப்பமரம், ரெண்டா பிரிஞ்சு?"

"அதேதாங்க!" என்றார் அப்பா, விடாமல்.

மாப்பிள்ளையின் அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அது எங்க அம்மனாச்சேங்க" என்றார்.

எங்கள் ஜனத்தில் குலதெய்வம் ஒன்றென்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுக்கிற வழக்கம் கிடையாது, அண்ணன் தங்கை முறையாகிவிடும். தட்டை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நான் அவருக்குத் தங்கச்சியாகிவிட்டேன். அவரைப் பார்த்தேன். அவர் நாய்களைப் பார்த்தார்.

அந்த அம்மாவுக்குக் கோபம் இல்லை, பரவசம்தான். "பாத்தியா, தப்பு நடக்கறதுக்கு முன்னாடி தாயே வந்து நடுவூட்ல நின்னுக்கினா" என்று மறுபடி கையெடுத்துக் கும்பிட்டாள். கிளம்புவதற்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். "ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றார். அவர் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் பொய் சொல்லிட்டேங்க. இது குலதெய்வமும் இல்ல, சாமியும் இல்ல. மவுண்ட் ரோட்ல ஏலத்துல எடுத்தேன். வெள்ளைக்காரப் பொம்மை. பாக்க ஒரு மாதிரியா இருக்கும்னு துணி சுத்தி வச்சோம். நீங்க கேட்டதும் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. எங்க குலதெய்வம் முனீஸ்வரன். எம் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துடாதீங்க."

அந்த அம்மா உட்காரவில்லை. பேச்சு போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினார். தாவணியை உருவினார். பாவாடை முடிச்சை அவிழ்த்தார்.

"ஐயோ, ஐயோ!" என்று அந்த அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். "அம்மன் துணிய அவுக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

சாமி என்று ஒரு தரம் பார்த்துவிட்ட கண்ணுக்கு அது சாமிதான். அவள் கண்ணில் அப்பா ஏலத்தில் ஏமாந்தவர் இல்லை, நட்ட நடு ஹாலில் அம்மனைத் துகிலுரிக்கிற பாவி. அப்பா சிலையைக் கட்டிலில் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, மேட் இன் பிரான்ஸ்னு போட்டிருக்கு. பிரான்ஸ்ல செஞ்சது. சாமியை எல்லாம் அங்க செய்வாங்களா?"

"நீ இன்னா வேணா சொல்லுவே. எம்புள்ள படிச்சவன். அவன் படிச்சு சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக் கூட வரப்பார்த்தது. பார்க்காமலே அவருக்கு மனப்பாடமான எழுத்து. தினமும் பல்லாவரத்தில் ஏறினதும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை. ஒரு தரம் வாய்விட்டுப் படித்தால் போதும், தங்கச்சி உறவு தீர்ந்தது.

அவர் எழுந்து வந்தார். குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்தே எனக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார். "எல்லாம் அழிஞ்சு போயிருக்கு."

அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பந்தக்காரியை ஒரு கும்பிடு போட்டாள். கீழே உருண்டு கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அம்மா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா பட்டுப்பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவரை என்ன சொல்லித் திட்டலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டி மோதிர விரலால் அவளை ஒரு சுண்டு சுண்டினார். டொக் என்றது.

"இது வெண்கலம் இல்ல போலிருக்கும்மா" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தடவினார். கல்யாணத்துக்காகவும்தான் அழுதேன்.

இதோடு அப்பா திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு என் அப்பாவைத் தெரியவில்லை என்று அர்த்தம். தொண்ணூறுகளில் அந்தப் பழைய கடைகளில் கூட்டம் குறைகிற வரைக்கும் அவர் முன்வரிசையை விடவில்லை. கொம்பு உடைந்த ஒரு மான் வந்தது, ஒலிக்காத ஒரு மணி வந்தது. சுண்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். பந்தக்காரி ஹாலிலேயே நின்றாள். அவளுக்கு அம்மா மறுபடி துணி எதுவும் சுற்றவில்லை. வந்தவர்கள் கேட்டால், "ஏலத்துல எடுத்தாரு, வெண்கலம் கூட இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

பெண் பார்க்க வந்துபோன மறுநாள் திங்கட்கிழமை. வழக்கமான ரயில். பல்லாவரத்தில் அவர் ஏறினார். கூட்டத்தில் இடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பிரான்ஸ் சவுக்கியமா என்று கேட்கவில்லை.

"கொஞ்ச நாள் போகட்டும். அம்மாவை நான் பேசிச் சரிபண்ணிக்கறேன்" என்றார்.

"சிலைக்கு அடியில என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மேட் இன் பிரான்ஸ்" என்றார், சின்னக் குரலில்.

"அங்க ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எங்கம்மா கண்ணுல தண்ணி வர கும்பிட்டாங்க. ஒரு வெள்ளைக்காரி பொம்மையைக் கும்பிட்டுட்டோம்னு தெரிஞ்சா அத்தனை பேர் முன்னாடி அவங்களுக்கு அசிங்கமாயிருக்காதா? நீயே யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னாடியும் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

"எங்கப்பாவுக்கும் அசிங்கமாத்தான் இருந்துச்சு" என்றேன். "அவரு சொல்லிட்டாரு."

மீனம்பாக்கத்தில் ரயில் நின்றது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இறங்கி, பின்னால் வந்த ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.